கனேலாவின் வயிறு

உங்கள் கறுப்புக் கோட்டின் கையில் வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது, மேடம். தட்டிவிட வேண்டாம். குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நாய் வளர்க்காதவர்களிடம் இந்த விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

உங்களுடையது என்ன சாப்பிடுகிறது? சொல்ல வேண்டாம் என்றால் விடுங்கள். கேள்வி கேட்கிற நாற்காலியில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் கனேலாவுக்கு வயிறு மென்மையானது. அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் வரிசையாக வரும்.

அதைக் கொண்டுவந்தவள் என் தங்கை சுலேமா. எங்கள் மினாஸ் பஸ் நிலையத்தின் பின்புறம், மழையில், ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததாம். கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். இலவங்கப்பட்டையைப் பொடித்துத் தூவியதுபோல ஒரு நிறம். அதனால்தான் பட்டையின் பெயரையே, கனேலா என்று வைத்தாள். அப்போது சுலேமாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இந்த வயதில் பொம்மை கேட்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் மறுக்கவில்லை. அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

அம்மா போனபோது சுலேமா பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. எனக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவள் வாய்க்குள் போனதெல்லாம் என் கையால் போனது. பிறகு நான் பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டவள் நான். உங்கள் வாசலில் காவலுக்கு நிற்கிற இளைஞனுக்கும் போட்டிருக்கிறேன். பூசணி சாப்பிட மாட்டான். காலையில் என்னைக் கூட்டிவந்தபோது அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாவம். எல்விரா தங்கைக்குத் தாயாக நின்றவள் என்று மினாஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது.

சுலேமா வீட்டின் முன்னறையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். அங்கேதான் அனீபல் வந்தார். தலைநகர் மாண்டிவிடியோவுக்கு ஓடுகிற பஸ்ஸின் டிரைவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் தலையில் வெட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அடிக்கடி முடி வெட்டிக்கொள்ள வந்தார். கடலோரம், லா பலோமாவில், அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். ஜன்னலைத் திறந்தால் அலை தெரியுமாம். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தோன்யா இர்மாவின் மதில் தெரியும். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

முதல் கிறிஸ்துமஸுக்கு அனீபல் எங்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டிக் கறி சுட்டார். குட்டிநாய் காலுக்குள் காலுக்குள் வந்தது. ஆளாளுக்கு ஒரு துண்டு போட்டார்கள். தொத்திறைச்சி, கொழுப்பு, சுட்ட குடல். இங்கே யார் வீட்டில்தான் போடவில்லை? மறுநாள் காலையில் சுலேமாவும் அனீபலும் லா பலோமாவுக்குக் கிளம்புவதாக இருந்தது. பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. அப்போது கனேலா வாந்தி எடுத்தது. கழிந்தது. கண் சொருகிக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் ஃபெரான்டோ வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"சில நாய்க்கு வயிறு இப்படித்தாங்க, எல்விரா. மென்மையா இருக்கும். வெந்த சோறு, தோல் உரிச்ச கோழி, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஒருத்தர் மட்டும் பொறுப்பா குடுக்கணும். எல்லாரும் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

ஒருத்தர் மட்டும். அது என் யோசனை இல்லை, மேடம். மருத்துவர் சொன்னது.

சுலேமா பையைப் பிரித்தாள். அந்த வாரம் முழுதும் சமையலறையிலேயே இருந்தாள். மடியில் நாய், கையில் ஈரத்துணி. நான் ஊற்றிக் கொடுக்கிற மாத்தே இலைத் தண்ணீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டு, பழைய கதையெல்லாம் பேசினாள். எங்கள் அப்பா ஆறு கடக்கப் போய்ச் செருப்பைத் தொலைத்த கதையை அவள் சொல்லி நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அனீபல் வந்த பிறகு அப்படியொரு வாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாய் சாகவும் இல்லை. நன்றாகத் தேறிவிட்டது.

அதன் பிறகு அதைப் பழக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

நாய்க்கு முதலில் சொல்லித்தர வேண்டியது காத்திருப்பது. தட்டை வைப்பேன். உள்ளங்கையைக் காட்டுவேன். அது எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். நான் 'இப்போ' என்றால்தான் வாய் வைக்க வேண்டும். சீக்கிரம் கற்றுக்கொண்டது. நான் அடித்ததே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட அடித்ததில்லை.

அடுத்தது, பிறர் கையால் வாங்காமல் இருப்பது. எங்கள் தெருவில் கோடை வந்தால் யாரோ மதிலுக்கு மேலே கெட்ட கறியை வீசிவிட்டுப் போவார்கள். தோன்யா இர்மாவின் நாய்கள் அப்படித்தான் போயின. அதனால் தெருவில் எல்லோரும் தங்கள் நாய்க்கு இதைப் பழக்குவோம். நான் தோன்யா இர்மாவையே கூப்பிட்டேன். ஆட்டுக்கறித் துண்டில் மிளகாய் விழுதைத் தடவி அவள் கையில் கொடுத்தேன். அவள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட, கனேலா ஓடிப்போய் வாங்கும். வாய் எரியும். அலறிக்கொண்டு என்னிடம் வரும். நான் என் கையால் தண்ணீர் கொடுத்து, குளிர்ந்த சோறு கொடுப்பேன். சில நாளில், தோன்யா இர்மா பன்றித்தொடையையே நீட்டினாலும் அது தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது.

"உன் நாய் என்னைப் பாக்குற பார்வையப் பாரு எல்விரா. நான் என்னமோ அது பேர்ல இருந்த வீட்டை எழுதி வாங்கிட்ட மாதிரி" என்பாள் தோன்யா இர்மா.

சுலேமாவுக்குத்தான் வருத்தம்.

"என் கையாலகூட வாங்க மாட்டேங்குதுக்கா. நான்தானே அதைத் தூக்கிட்டு வந்தேன்?"

"சாப்பாட்டுக்கு ஒரு கைதான் இருக்கணும், சுலே. ரெண்டு கையானா நாய் குழம்பிடும்."

அவள் ஒப்புக்கொண்டாள். நான் சொன்னால் ஒப்புக்கொள்வாள், அந்தக் காலத்தில்.

கார்னிவல் விடுமுறைக்கு அவர்கள் மறுபடியும் லா பலோமாவுக்குக் கிளம்பினார்கள். அன்று காலை கனேலாவுக்கு மறுபடியும் முடியவில்லை. ஈஸ்டர் வாரத்தில் முடியவில்லை. குளிர்கால விடுமுறையில் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சுலேமா பையைப் பிரித்தாள். அனீபல் நல்ல மனிதர், கோபப்பட மாட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சொல்வார்:

"இந்த நாய்க்கு என் பஸ் டைம் எல்லாம் மனப்பாடம்மா. நான் என்னைக்கு லீவு போடுறேன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து படுக்குது."

நாய்க்கு லீவு நாள் தெரியாது, மேடம். எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டின் பின்னால் மூடிப்போன ஒரு கிணறு இருக்கிறது. அதன் ஓரத்தில் வளர்கிற செடியின் பெயரை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஆட்கள் வேரும் மண்ணுமாகத் தோண்டிக் கொண்டுபோய்விட்டார்கள். சின்ன வயதில் பக்கத்துக் கன்றுக்குட்டி அதைத் தின்றுவிட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அளவு தெரிந்து கொடுத்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. குமட்டும், சோர்ந்து படுக்கும், பிறகு எழுந்துவிடும். சமையல்காரிக்கு அளவு கையில் இருக்கும்.

ஆனால் அது கசக்கும். வெறும் சோற்றில் போட்டால் நாய் தொடாது. அதற்குத்தான் மார்சேலா.

நீங்கள் தலைநகரில் வளர்ந்தவர்போலத் தெரிகிறது. ஆனாலும் உங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒரு கொத்து தலைகீழாகத் தொங்கியிருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை, சூரியன் வருவதற்கு முன்னால், பனி ஈரத்தோடு குன்றில் பறித்துவந்த மஞ்சள் பூ. வயிற்று வலியா, மார்சேலா. செரிக்கவில்லையா, மார்சேலா. வருடம் முழுதும் அதுதான் மருந்து. கசக்கத்தான் செய்யும், மணம் வீட்டை நிறைக்கும். அந்தக் கசப்புக்குள் இன்னொரு கசப்பு இருப்பது யாருக்கும் தெரியாது. வயிறு சரியில்லாத நாயின் சோற்றில் மார்சேலா மணந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். சுலேமா பார்த்துவிட்டு, "பாவம், அதுக்கும் மார்சேலாவா" என்று நாயின் காதைத் தடவினாள். அவ்வளவுதான்.

கனேலா முதலில் முகர்ந்து பார்க்கும். தயங்கும். நான் 'இப்போ' என்பேன். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடும். நன்றாகப் பழகிய நாயால்தான் அப்படிச் சாப்பிட முடியும். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

இதைக் கொடுமை என்று எழுதாதீர்கள். அதற்கு முடியாதபோதெல்லாம் கழுவித் துடைத்து, கம்பளி போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். நாங்கள் இருவரும்தான். அந்த நாட்களில் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த டிசம்பரில் அனீபல் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்றார். பஸ்ஸில் அறிவிப்புச் செய்கிறவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்விரா, நீங்க பெரியவங்க, உங்ககிட்டதான் கேக்கணும். சுலேமாவை நான் கட்டிக்கிறேன். ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிட்டு, அன்னைக்கே லா பலோமா. உங்களுக்கும் அங்க ஒரு ரூம் இருக்கு. எப்ப வேணா வாங்க."

"கனேலா?" என்று கேட்டேன்.

"அதுவும் எங்ககூடத்தான். கடல்காத்து வயித்துக்கு நல்லது" என்றார்.

சுலேமா மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்திருந்தாள். நான் மூன்று கிண்ணம் எடுத்து இனிப்புப் பரிமாறினேன். அப்போதுதான் புரிந்தது, இனி நாய் மட்டும் போதாது.

சுலேமாவின் வயிறும் மென்மையானதுதான், மேடம். எங்கள் குடும்ப வாகு அது. குழந்தையாக இருக்கும்போதே பால் கொஞ்சம் புளித்திருந்தால் எதிர்க்களித்துவிடுவாள். ஜனவரிக் கோடை வெயிலில் அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆஸ்பத்திரியில், கல்யாணப் பதற்றம், இரைப்பையில் புண் இருக்கலாம் என்றார்கள். வெந்த சோறு, தோல் உரித்த கோழி என்றார்கள். இரண்டு தட்டிலும் ஒரே சாப்பாடு என்று ஆனது. எனக்கும் சமையல் எளிதாகிவிட்டது.

மாத்தேயைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒரே குடுவை, ஒரே குழல், ஒருவர் ஊற்றிக் கொடுக்க எல்லோரும் உறிஞ்சுவதுதானே நம் வழக்கம். ஊற்றுகிறவர்தான் முதல் குடுவையைக் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் ஊற்றுகிறவள் நான். அதனால் சுலேமாவுக்குத் தனிக் குடுவை வைத்தேன். வயிறு சரியில்லாதவளுக்கு மார்சேலா கலந்த தனி மாத்தே. அதில் தவறென்ன?

"தனி மாத்தேயா?" என்றார் அனீபல். "கோர்ட்ல கேஸ் நடக்குற புருசன் பொண்டாட்டி மாதிரில்ல இருக்கு."

சுலேமா சிரித்தாள். ஆனால் குடுவையை வாங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருத்தம் இருந்தது. பந்தியிலிருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைத்ததுபோல.

அனீபல் வரும்போதெல்லாம் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவருவார். சுலேமாவுக்குப் பிடித்த வெண்ணெய் ரொட்டி. மறுக்க மனம் வராமல் ஒன்று சாப்பிடுவாள். அன்று மாலை அவளுக்கு முடியாமல் போகும்படி நான் பார்த்துக்கொண்டேன். அவர் வராத நாட்களில் அவளுக்கு ஒன்றும் ஆகாது. என் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குவாள். நாய் பழக்குகிறவர்களுக்கு இது தெரியும். பிறர் கையின் ருசியோடு வலியைச் சேர்த்துவிட வேண்டும். தோன்யா இர்மாவின் மிளகாய்க் கறிபோல. மார்ச் மாதத்தில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாலே அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"தயவுசெஞ்சு இனிமே கொண்டுவராதீங்க, அனீபல். வாசனையே ஆகல."

அவர் அந்தப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு போகும் வழியில் தோன்யா இர்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சுலேமா கடையை மூடிவிட்டாள். நிற்கத் தெம்பில்லை. படுக்கையில் சாய்ந்திருப்பாள், கால்மாட்டில் கனேலா. நான் கரண்டியால் ஊட்டுவேன். வாயைத் திறப்பாள். அந்தச் சில வாரங்கள் எனக்குப் போதும், மேடம். மீதி நாளையெல்லாம் நீங்கள் எந்தச் சுவருக்குள் வைத்தாலும் சரி.

ஆனால் அவள் தேதியைத் தள்ளிவைக்கவில்லை. அதுதான் பிரச்சினை. உடம்பு ஒட்டிப்போய், கன்னம் குழிந்து கிடந்தவள், "தூக்கிட்டுப் போயாவது கையெழுத்துப் போட வைங்க" என்று அனீபலிடம் சொன்னாள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மறுவாரம் கல்யாணம். அன்று விடிகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அனீபல். செருப்பெல்லாம் சேறு. முழங்கால் வரை பனி நனைத்திருந்தது. இரண்டு கையும் கொள்ளாமல் மார்சேலா. அவர் பறிக்கப் போவதாக என்னிடம் சொல்லவில்லை.

"பன்னெண்டு வயசுக்கப்புறம் இன்னைக்குத்தான் குன்று ஏறினேன். ரெண்டு எடத்துல வழுக்கி விழுந்தேன். ஒரு கிழவர் என்னைப் பாத்து, 'பஸ்ஸை எங்கப்பா நிறுத்தினே'ங்கிறார்" என்று சொல்லிக்கொண்டே நேராகச் சுலேமாவின் அறைக்குப் போனார். ஈரப்பூவை அப்படியே அவள் போர்வைமேல் குவித்தார். "என் கையால பறிச்சது. இதைக் குடிச்சிட்டு நீ எழுந்துக்கணும்."

நான் பின்னாலேயே போனேன். கையில் சுலேமாவின் காலை மாத்தே இருந்தது.

கனேலா எழுந்து நின்றது. அனீபலைக் கண்டால் வாலாட்டிக் குதிக்கிற நாய். அவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே தவிர, ஆளைப் பிடிக்கும். அன்று அது பூவை ஒருமுறை முகர்ந்தது. காதுகள் பின்னால் மடங்கின. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. வெறும் வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி ஓங்கரித்தது. பிறகு கட்டிலிலிருந்து விழுந்தடித்து இறங்கி, அடியில் புகுந்துகொண்டது. தரையில் ஈரம் பரவியது.

"என்னடி, உனக்கும் இந்தக் கல்யாணம் பிடிக்கலையா?" என்று அனீபல் குனிந்து பார்த்தார்.

சுலேமா சிரிக்கவில்லை. பூவைப் பார்த்தாள். கட்டிலுக்கடியிலிருந்து வந்த நடுக்கத்தைக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்த குடுவையைப் பார்த்தாள்.

"அனீபல், போய் அடுப்புல தண்ணி வைங்க. நீங்க பறிச்சதுல எனக்கு டீ போடுங்க" என்றாள். அவர் சந்தோஷமாக ஒரு பிடி பூவை அள்ளிக்கொண்டு போனார்.

அதுதான் நான் செய்த பிழை, மேடம். செடியை ஒவ்வொரு முறையும் மார்சேலாவிலேயே மறைத்தேன். மனிதர்கள் சந்தேகப்படமாட்டார்கள் என்றுதான் பார்த்தேன். நாய் எதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. அதற்குச் செடி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மணம்தான். நானே பழக்கியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் கையில் மணந்தபோது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அடங்கிக் கிடந்தது, வேறு கையில் வந்ததும் அடங்கவில்லை.

"அக்கா, கனேலாவுக்கு மார்சேலா குடுத்துதான் உடம்பு சரியாச்சா, இல்ல குடுத்ததும் சரியில்லாமப் போச்சா?"

"வயித்துக்கு நல்லதுன்னு கொஞ்சம் போட்டேன்."

"நாங்க கிளம்புற அன்னைக்கெல்லாம் போட்டியா?"

அவள் குடுவையை என் கையிலிருந்து வாங்கினாள். கொஞ்சம் சிந்தியது. திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"ஊத்துறவங்கதானே முதல்ல குடிக்கணும். குடி."

"எனக்கு இப்ப வேணாம்."

"ஒரு வாய் குடிக்கா. எனக்காக."

வாங்கி மேஜைமேல் வைத்தேன். அவ்வளவுதான். அவள் கூச்சல் போடவில்லை. சமையலறையில் அனீபல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில நான் கிளம்புறேன். கல்யாணம் வரைக்கும் அவரோட அக்கா வீட்டுல இருந்துக்குவேன். கனேலாவும் வரும். அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ என்னை வளத்தவ. அதுக்காக வாயை மூடிக்கிறேன். ஆனா இனிமே உன் கையால எனக்குத் தண்ணிகூட வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். போகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதை நான் சமாளித்திருப்பேன்.

சமையலறைக்குப் போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு பூ போடணும், எல்விரா? எனக்கு டீசல் அளவுதான் தெரியும்" என்றார் அனீபல்.

"ஒரு பிடி."

"சர்க்கரை?"

"முன்னறை அலமாரியில பாருங்க. மேல்தட்டுல இருக்கும்."

அவர் போனார். முன்னறை அலமாரியில் முடிவெட்டும் சாமான்கள்தான் இருக்கும். சீப்பையும் துண்டையும் நகர்த்தி நகர்த்தித் தேடுகிற சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பா எனக்குப் பின்னால் இருந்தது. அவர் வெறுங்கையோடு திரும்பியபோது அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இங்கயே இருந்திருக்கு, பாருங்க" என்றேன்.

அன்று நான் அளவு பார்க்கவில்லை. கொஞ்சம் என்று சொல்ல மாட்டேன். கேட்கிறீர்கள், சொல்கிறேன். அளவு பார்க்கவில்லை.

அனீபல் கோப்பையைக் கொண்டுபோனார். நான் வாசற்படியில் நின்றேன். சுலேமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மடக் மடக்கென்று முழுதும் குடித்தாள். பயமில்லாமல் குடித்தாள். கசக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. என் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பார்த்தாயா, இவர் கொடுத்தால் குடிப்பேன் என்பதுபோல. கனேலா மட்டும் கட்டிலுக்கடியில் விட்டுவிட்டுக் குரைத்துக்கொண்டிருந்தது. "சும்மா இரு, சும்மா இரு" என்று அனீபல் அதைச் செல்லமாக அதட்டினார்.

மறுநாள் அவள் எங்கேயும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அனீபல் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்: "டீ நான்தான் போட்டேன். பூவும் நான்தான் பறிச்சேன். வேற எதையாவது சேத்துப் பறிச்சிட்டேனோ?" அப்படித்தான் உங்கள் ஆட்கள் அவரைக் கூட்டிப்போனார்கள். என்னிடமும் கேட்டார்கள், டீ யார் போட்டது என்று. அவர்தான் என்றேன். பொய்யில்லையே. அவரைச் சிக்கவைக்கவேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அவர் தானாக முன்னால் வந்து நின்றார், நான் நகர்ந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கனேலா சுலேமாவின் செருப்பின்மேல் படுத்திருந்தது. அதற்குச் சோறு வடித்தேன். கோழியைத் தோல் உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஆறவைத்துப் பிசைந்தேன். அதில் ஒன்றும் கலக்கவில்லை. இனி எதற்குக் கலக்கப் போகிறேன்? இனி எங்கும் போகிறவர் யாருமில்லை. நாங்கள் இருவரும்தான். தட்டை வைத்து, மண்டியிட்டு, 'இப்போ' என்றேன்.

கனேலா என்னைப் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. தோன்யா இர்மாவிடம் திருப்பிக்கொள்ளுமே, அதேபோல.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் காட்டவில்லை, உறுமவில்லை. எழுந்து வேறு மூலைக்குப் போய்ப் படுத்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் நானே மருத்துவர் ஃபெரான்டோவைக் கூப்பிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் நினைத்திருந்தால் கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

அவர் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய கிளினிக்கில் கூட்டிப்பெருக்குகிற பெண் மதியச் சாப்பாட்டில் பாதி ரொட்டியும் பொரித்த இறைச்சியும் மீதம் வைத்தாளாம். கனேலா அவள் கையிலிருந்தே வாங்கித் தின்றதாம். எண்ணெயோடு. வாந்தியும் இல்லை, ஒன்றுமில்லை. அதே பெண் பிறகு தனக்கு மார்சேலா டீ போட்டிருக்கிறாள். மணம் வந்ததும் நாய் மேஜைக்கடியில் போய் நடுங்கியதாம். ஃபெரான்டோ அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அவரும் நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. நீங்கள் மண்வெட்டியோடு வந்தபோது பின்கதவைத் திறந்துவிட்டவள் நான்தான்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். நாய்க்குக் கொடுத்தது நான். தங்கைக்குக் கொடுத்தது நான். கடைசிக் கோப்பையில் கலந்ததும் நான். அனீபலுக்கு ஒன்றும் தெரியாது. அவரை விட்டுவிட்டது சரிதான்.

நாயை அவரிடம் கொடுத்ததுதான் சரியில்லை.

லா பலோமாவில் அது நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். மீன்தலை தின்கிறதாம், கொழுப்பு தின்கிறதாம், மீனவர்கள் யார் எதைப் போட்டாலும் கவ்விக்கொண்டு ஓடுகிறதாம். உடம்பு பிடித்திருக்கிறதாம். நீங்கள் சொல்லும்போது மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன். வெளியாட்களுக்கு அப்படித்தான் தெரியும். அதன் வயிறு எனக்குத் தெரியும், மேடம். அதற்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது.

அனீபலுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். வெந்த சோறு, தோல் உரித்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே ஒரு கையால். இன்றில்லாவிட்டால் நாளைக்கு அதற்கு முடியாமல் போகத்தான் போகிறது. அப்போது அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.